இல்லாத சனத்தின் விதானை

ஷெல் குத்துகிறார்கள். தெற்குப் பக்கம், ஆமி நிற்கிற பக்கம். டும். டும். டும். குத்துகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடையில் ஒரு மூச்சு இருக்கிறது. அந்த மூச்சுக்குள் படுத்துவிட வேண்டும்.

"ஷெல் வருது! விழுந்து படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

கத்தியது யாரென்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். வாய்க்குள் சேறு. மகள் எனக்குக் கீழே கிடக்கிறாள். மதுரா. ஏழு வயது. கூவல் சத்தம் தலைக்கு மேலால் போகிறது. கூவிக்கொண்டு போனால் அது வேறு யாருக்கோ. கூவாமல் வருவதுதான் எங்களுக்கு.

பின்னால் வெடித்தது. ஒரு உழவு மெசின் சரிந்தது. ஒரு மாடு கத்தியது. மனிதர் கத்தியது அதற்குப் பிறகுதான் கேட்டது.

தை மாதம். மழை விட்டும் விடாமலும். எழும்பி மறுபடி ஓடுகிறோம். என் கணவர் நாதன் சைக்கிளை உருட்டுகிறார். கரியரில் ஒரு தகரப் பெட்டி. சட்டி பானை இல்லை. உடுப்பு இல்லை. குடும்பப் பதிவேடு, படிவங்கள், இறப்பர் முத்திரை. என் கந்தோர், என் அலுவலகம் அது. அதைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அரசாங்கத்தின் குண்டுக்குப் பயந்து அரசாங்கத்தின் கந்தோரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

றோட்டெல்லாம் சனம். என்னைக் கண்டதும் கேட்கிறார்கள்.

"ஜி.எஸ். அக்கா! எந்தப் பக்கம் போறது?"

"கடற்கரைப் பக்கம் போங்கோ! பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்சிருக்கு!"

எனக்கு மேலே இருந்து சொன்னதை நான் சொன்னேன். அங்கேயும் விழுந்தது. போய்ச் சேர்ந்த அன்றைக்கே விழுந்தது.

நான் கிராம சேவையாளர். வன்னியில் ஒரு சின்னப் பிரிவு. இரண்டு குளம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பிள்ளையார் கோயில். ஆணாக இருந்தால் விதானையார் என்று மரியாதையாகக் கூப்பிட்டிருப்பார்கள். நான் ஜி.எஸ். அக்கா. பிறப்புக்கும் இறப்புக்கும் என் கடிதம் வேண்டும். காணிச் சண்டைக்கு நான் வேண்டும். மாடு களவு போனாலும் நான்தான்.

சம்பளம் ஒரு அரசாங்கம் தந்தது. நடமாட அனுமதி இன்னொரு அரசாங்கம் தந்தது. மாதக் கூட்டத்துக்கு எல்லை தாண்டி வவுனியாவுக்கு, மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போவேன். சாவடியில் ஆமிக்காரப் பெண் என் கைப்பையைக் கொட்டிப் பார்ப்பாள். புலிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பாள். திரும்பி வரும்போது இந்தப் பக்கம் புலிகளின் சாவடி. அங்கேயும் ஒரு பெண். அதே வயது. அதே கைப்பை. கச்சேரியில் என்ன கதைத்தீர்கள் என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்லப் பழகினேன். அரிசி பற்றிக் கதைச்சம். அது பொய்யும் இல்லை.

இப்படிப் பல வருசம். இரண்டு பேரும் என்னை நம்பவில்லை. இரண்டு பேருக்கும் நான் தேவை. அதனால் உயிரோடு இருந்தேன்.

கடற்கரை மணலில் தறப்பாள் கட்டினோம். மணலில் பங்கர் நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். சேலைகளை வெட்டிப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். என் கூறைச் சேலையையும் வெட்டினேன். சிவப்பும் அரக்கும். சரிகை ஊசியில் சிக்கியது. நாதன் மண் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இது உபயோகப்படுது."

சிரித்தோம். சிரித்தோம் என்பதை எழுத வேண்டும். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சிரித்தோம்.

ஒரு கதவைக் கழற்றி இரண்டு வாளிகளின் மேல் வைத்தேன். அது மேசை. கந்தோர் திறந்தாயிற்று. என் வேலை சனத்தை எண்ணுவது. எண்ணினால்தான் நிவாரணம் வரும். தறப்பாள் தறப்பாளாகப் போய் எண்ணினேன். என் பிரிவுச் சனம், பக்கத்துப் பிரிவுச் சனம், பிரிவே இல்லாத சனம். காலையில் எண்ணினால் மாலையில் கணக்குப் பிழையாகும். செத்தவர்களைக் கழிக்க வேண்டும். கழித்தேன். பங்கருக்குள் பிறந்த பிள்ளைகளைக் கூட்டினேன்.

எல்லாப் பிரிவுக் கணக்கும் எங்கள் மேலதிகாரியிடம் போகும். அவரை ஐயா என்போம். நெஞ்சுவருத்தக்காரர். விழுங்குகிற குளிசை முடிந்து பல நாள். அவர் கூட்டிக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வந்தது. எங்களை மரத்தடிக்குக் கூப்பிட்டு வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"இவ்வளவு சனம் அங்கை இல்லையாம். கூட்டிக் காட்டுறமாம். குறைக்கட்டாம்."

"அப்ப இஞ்சை நிக்கிறது ஆர் ஐயா?"

ஐயா சுற்றிப் பார்த்தார். மணல் தெரியாத அளவுக்குத் தறப்பாள்.

இல்லாத சனத்துக்கு எப்படி அரிசி வரும்? இருக்கிறார்கள் என்று கொழும்பு ஒப்புக்கொண்ட கொஞ்சப் பேருக்குத்தான் கப்பல் வந்தது. அதையும் எல்லோருக்கும் பிரித்தேன். தேத்தண்ணிக் கோப்பையால் அளந்தேன். கோப்பையின் விளிம்பை விரலால் வழித்துவிடுவேன். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மாசி மாதம் முடியும்போது மற்றப் பக்கத்திலிருந்து, புலிகளிடமிருந்து, ஆள் வந்தார். அரசியல் பொறுப்பாளர், செழியன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். அவர் பிறப்புச் சான்றுக்குக்கூட என் கந்தோரில் பதிவிருந்தது. பணிவாகத்தான் கதைப்பார். கையில் ஒரு தட்டச்சுக் கடதாசி. சனம் தன் விருப்பத்தோடுதான் இங்கே நிற்கிறது, யாரையும் யாரும் மறிக்கவில்லை. அதுதான் விசயம். கீழே என் பெயருக்கு இடம்.

"ஒரு கையெழுத்துத்தான் அக்கா. வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட வேணும்."

"தம்பி, களப்புத் தண்ணிக்குள்ளாலை தப்பிப் போன சனத்தைப் பின்னாலை நிண்டு சுட்டது ஆர்?"

அவர் மணலைப் பார்த்தார். பிறகு களஞ்சியத்தைப் பார்த்தார். தறப்பாளுக்குக் கீழே மிஞ்சிய மூட்டைகள்.

"களஞ்சியத்துக்குக் காவல் எங்கடை பெடியள்தான் அக்கா. நீங்கள் போடாட்டி அவங்களை எடுத்துப்போடுவன். பிறகு நீங்களே பாருங்கோ."

காவல் இல்லாத களஞ்சியம் அரை மணித்தியாலம் தாங்காது. பலமுள்ளவன் எடுப்பான். பிள்ளைத்தாய்ச்சி எடுக்கமாட்டாள். கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்தினேன். மறுநாள் காலையில் அரிசி கொடுத்தேன்.

பங்குனி. ஒரு செவ்வாய். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கஞ்சி வரிசை. நாதன் எங்கள் குடும்ப அட்டையோடு நிற்கிறார். மதுரா அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் நின்ற ஒருவர் பகிடி விட்டார். ஜி.எஸ்ஸின் புருசனுக்கு வரிசை எதற்கு என்று. நாதன் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவ என்னைத்தான் கடைசிக்கு விடுவா. உங்களுக்குத் தெரியாது அவவை."

நான் மேசையில் இருக்கிறேன். குத்துகிற சத்தம் கேட்கிறது. தெற்கு. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். தெற்கு. எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

கூவவில்லை.

"படுங்கோ! படுங்கோ!"

வரிசையில் நின்ற சனம் படுக்கத் தயங்கும். படுத்தால் இடம் போய்விடும். பசி அப்படி. அந்தத் தயக்கத்துக்குள் விழுந்தது.

புகை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. காது அடைத்துப்போயிற்று. வாய்கள் திறந்து மூடுவது தெரிகிறது. கஞ்சிக் கிடாரம் கவிழ்ந்து கிடக்கிறது. வெள்ளையும் சிவப்பும் மணலில் ஒன்றாக இறங்குகிறது. நாதன் முகம் குப்புறக் கிடந்தார். புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது. அவருக்குக் கீழே மதுரா. உயிர் இருந்தது. இடக்கை முழங்கைக்குக் கீழே தொங்கியது.

நாதனைப் பங்கரிலேயே வைத்து மூடினோம். கூறைச் சேலைப் பைகளை அவர் மேல் கவிழ்த்தோம். தேவாரம் பாட நேரமில்லை. அடுத்தது குத்திவிட்டார்கள்.

பரமேஸ்வரி அக்கா அன்றைக்கு அதே வரிசையில் இருந்தவர். எங்கள் ஊரில் எனக்கு நாலு வீடு தள்ளி. மூன்று பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். மூன்று பேர் நின்றால் மூன்று கோப்பை கிடைக்கும். திரும்பி வந்தபோது வாளியோடு நின்றார். வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

சித்திரையில் நாங்கள் களப்பைக் கடந்தோம். கழுத்தளவு தண்ணீர். மதுராவின் கையைப் பொலித்தீனால் சுற்றித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலும் வெடி. முன்னாலும் வெடி. பெட்டியை விட்டுவிட்டேன். பதிவேடு தண்ணீரில் போயிற்று.

ஆமியின் முள்கம்பி முகாம். வரிசை. மறுபடி எண்ணினார்கள். இந்த முறை அவர்கள் என்னை எண்ணினார்கள். அரச ஊழியர் என்றதும் தனியே கூட்டிப்போனார்கள். கதிரை தந்தார்கள். தேத்தண்ணீர் தந்தார்கள். அந்தத் தேத்தண்ணீரைக் கண்டுதான் பயந்தேன்.

மதுராவின் காயம் மணக்கத் தொடங்கியிருந்தது. முகாம் மருத்துவர் ஒரு பெடியன். அழுதுவிடுவான் போல இருந்தான். உடனே வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் முகாம் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

அதிகாரி ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். சிங்களம். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தார். உத்தியோகம் நிரந்தரமாவதற்காகச் சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினவள் நான். வாசித்தேன். நான் அனுப்பிய கணக்குப் பொய். பயங்கரவாதிகளின் வற்புறுத்தலால் ஆட்தொகையைக் கூட்டி எழுதினேன். அவ்வளவு சனம் அங்கே இருந்ததில்லை. உணவுக்குத் தட்டுப்பாடும் இருந்ததில்லை.

"பிள்ளையின் கடிதம் இது," என்றார். மற்றக் கையில் இன்னொரு தாள். "அது முடிந்தால் இது."

கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். மகளின் மணம் என் சட்டையில் இருந்தது.

அவர் தன் கையெழுத்தை அன்றைக்குப் போடவில்லை. சனிக்கிழமை என்றார். பிறகு ஞாயிறு என்றார். திங்களில் வண்டி வந்தது. கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் என்று தொடங்கிய வைத்தியர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

ஒரு கடதாசியில் சனம் விரும்பி நிற்கிறது. மற்றக் கடதாசியில் சனமே இல்லை. இரண்டிலும் என் கையெழுத்து.

அதற்குப் பிறகு எனக்கு வேலையைத் திருப்பித் தந்தார்கள். அதே பிரிவு. மீள்குடியேற்றம் என்றார்கள். கூரையில்லாத கந்தோர். புதுப் பதிவேடு. சனம் ஒவ்வொன்றாக வந்தது. செத்தவர்களுக்கு மரணச் சான்று எடுக்க என் கடிதம் வேண்டும். ஷெல் என்று எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அசாதாரண சூழ்நிலை என்று எழுதினேன். நாதனுக்கும் அப்படித்தான். என் கணவருக்கு நானே கடிதம் கொடுக்க முடியாது. பக்கத்துப் பிரிவு ஜி.எஸ்ஸிடம் போய் வரிசையில் நின்றேன். அவரும் அசாதாரண சூழ்நிலை என்றுதான் எழுதினார். எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பரமேஸ்வரி அக்கா கடைசியாகத்தான் வந்தார். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"நான் கடிதத்துக்கு வரேல்லை. ஒண்டு கேக்கத்தான் வந்தனான். அங்கை சனமே இல்லையெண்டு நீ எழுதிக் குடுத்தனியாம். உண்மையோ?"

"ஓம் அக்கா."

"அப்ப என்ரை பிள்ளையள் எங்கை செத்ததுகள்?"

மதுராவின் கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. அவருக்கு மூன்று. எனக்கு ஒரு கை. எந்த முகத்தோடு சொல்வது? அவர் என் மேசையில் துப்பவில்லை. துப்பியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி நடந்து போனார். நான் அன்றைக்கே விலகல் கடிதம் எழுதினேன். பிறகு விசாரணைக்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஏன் விலகினாய், யார் சொல்லி விலகினாய். என் ஒன்றுவிட்ட அண்ணன் இத்தாலியில், பலெர்மோவில் இருந்தார். சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் பழம் பிடுங்குகிற வேலை. அவர்தான் எங்களைக் கூப்பிட்டு எடுத்தார்.

இப்போது பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் வேலை. உயரமான கூரையுள்ள பழைய வீடு. முதியவர் ஒருவரைப் பார்க்கிறேன். பிரெஞ்சுக்காரர். இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கியவர். சரித்திரம் படிப்பித்தவர். எல்லாரும் புரொஃபெசோரே என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். குளிக்க வார்ப்பேன், உடுப்பு மாற்றுவேன், ஊட்டிவிடுவேன். கண் தெரியாது. வாய் ஓயாது.

இந்தப் பங்குனியில் ஒரு நாள் மத்தியானம். அண்ணன் தந்த மந்தரீனை உரித்து ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் வைக்கிறேன். அவர் தன் ஊர் ஆள் ஒருவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருசமாக அவனைப் பற்றித்தான் எழுதினாராம். புரட்சிக் காலத்தில் பிரான்சின் ஒரு மூலையில் சின்ன உத்தியோகத்தன். ராஜா இருந்தபோது ராஜாவுக்குத் தானியம் சேர்த்தான். ராஜாவின் தலை போனதும் புரட்சிக்காரருக்குச் சேர்த்தான். ராஜாவின் ஆள் என்று அவர்கள் அவனை மறியலில் பூட்டி வைத்தார்கள். வெளியே வந்தான். மறுபடி தானியம். அவர்கள் விழுந்ததும் புரட்சிக்காரரின் ஆள் என்று மற்றவர்களும் மறியலில் பூட்டினார்கள். வந்தவர் போனவர் எல்லாருக்கும் கையெழுத்து வைத்தான். கட்டிலில் படுத்துச் செத்தான்.

"பண்டெருவோலா," என்று சிரித்தார். கூரையில் காற்றுக்குத் திரும்புகிற தகட்டுக்கு இங்கே அப்படிப் பெயர்.

என் கை நின்றுவிட்டது.

"நானும் வைத்திருக்கிறேன், புரொஃபெசோரே."

"என்ன வைத்தீர்கள்?"

"கையெழுத்து. இரண்டு பக்கத்துக்கும்."

சிரிப்பு நின்றது. இருக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். ஷெல்லுக்கு இத்தாலியனில் என்ன சொல் என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு மூடின கடைகள் கீழே மறுபடி திறக்கும் வரைக்கும் சொன்னேன். முடிந்ததும் அவருடைய பார்வையில்லாத கண்கள் மின்னின.

"எவ்வளவு அபூர்வமான ஆவணம்! எழுதுங்கள். உங்கள் மொழியிலேயே எழுதுங்கள்."

ஆவணம். கெட்ட மனிதரில்லை. சந்தோசத்தில் சொன்னார். அவர் ஊர்க்காரனுக்குத் தெருவில் சிலை இல்லை, ஆனால் முப்பது வருசம் உட்கார்ந்து எழுத ஒரு ஆள் கிடைத்தார். பரமேஸ்வரி அக்காவின் பிள்ளைகளுக்கு யார் கிடைத்தார்? நான்தான். அவர்கள் இருந்ததே இல்லை என்று கையெழுத்து வைத்த நான். மிச்சச் சுளைகளை அவர் வாயில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் எழுதச் சொன்னதை மதுராவுக்குச் சொன்னேன். அவள் இப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் காசு மேசையில் இருக்கிறாள். ஒற்றைக் கையால் மற்றவர்களை விட வேகம். பலெர்மோக்காரர் போலவே இத்தாலியன் கதைப்பாள்.

"எழுதுங்கோ அம்மா. ஆனா என்ரை கையைப் பற்றி எழுதாதேங்கோ, பெர் ஃபவோரே, கெஞ்சிக் கேக்கிறன். ஆக்கள் கையைத்தான் பாப்பினம்."

"அதை விட்டா நான் ஏன் கையெழுத்து வச்சனான் எண்டு ஆருக்கு விளங்கும்?"

இடப்பக்கச் சட்டைக்கையை மடித்துவிட்டாள்.

"அப்ப எழுதுங்கோ. ஆனா நம்பர் போடாதேங்கோ. நம்பர் போட்டா கூட எண்டுவினம், குறைய எண்டுவினம். பேரை எழுதுங்கோ. பேரைக் குறைக்கேலாது."

பதிவேடு களப்பில் போயிற்று. தெரிந்ததை எழுதுகிறேன். என் பிரிவில், நான் கண்ணால் கண்டது மட்டும்.

கந்தையா நாதன். என் கணவர். கஞ்சி வரிசையில்.

பரமேஸ்வரி அக்காவின் மூத்தவள் தர்சினி, நடுவில் கஜன், கடைசி சுவேதா. அதே வரிசை. அதே ஷெல்.

நாதனுக்குப் பின்னால் நின்று பகிடி விட்டவர். தையல்காரர் இராசரத்தினம்.

கிடாரத்தில் அகப்பை பிடித்த மேரி அக்கா.

உழவு மெசினோடு சரிந்த செல்வராசாவும் அவர் மனைவியும். மனைவியின் பெயர் பதிவேட்டில் இருந்தது. எனக்கு நினைவில்லை.

பங்கருக்குள் பிறந்து பெயர் வைக்கமுதல் போன பிள்ளை. பெண்பிள்ளை. தாய் பெயர் கலாநிதி. தாய் உயிரோடு இருக்கிறார்.

ஐயா. ஷெல்லில் இல்லை. முகாமில், குளிசை இல்லாமல், கதிரையில் இருந்தபடி.

செழியன். ஆமியிடம் சரணடைந்து, கைகளை உயர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கினதைக் கண்டவர் இல்லை. அவர் தாய் இன்னும் தேடுகிறார். அவரையும் நான் இதில் சேர்க்கிறேன்.

மதுராவின் இடக்கை. முழங்கைக்குக் கீழே.

பரமேஸ்வரி அக்கா, நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள். தர்சினி முன்னுக்கு நின்றாள். தம்பியின் கையைப் பிடித்திருந்தாள். சுவேதா கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். வெயிலுக்கு. நான் கண்டேன்.